விசை கனத்தால் குறி தவறும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டைக்காகப் பல பள்ளிகளுக்கே விடுமுறை விடும் பழக்கம் உண்டு. நவம்பர் குளிரில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையும் சேர்ந்து காட்டுக்குக் கிளம்புவார்கள். கிடைக்கும் இறைச்சி குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் இருக்கும்.

அந்த வேட்டைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுதான்: "ட்ரிகர் ரொம்ப கனம்!"

துப்பாக்கியின் எடையே மூன்றரை கிலோதான். ட்ரிகரை இழுக்க மூன்று கிலோ விசை வேண்டுமென்றால், விரலோடு கையும் இறுகும். குழல் லேசாக நகரும். தோளிலிருந்து குழல் முனை வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். முனை 1 மி.மீ. விலகினால், 100 மீட்டர் தூரத்தில் குண்டு 10 செ.மீ. தள்ளிப் போகும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். மான் உடனே சாகாது. காயத்தோடு ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்கில் துடிக்கும்.

தவறி வெடித்தால் வழக்கு வருமே என்ற பயத்தில்தான் பல கம்பெனிகள் ட்ரிகரைக் கனமாக வைத்தன. 'வக்கீல் ட்ரிகர்' என்றே அதற்குக் கேலிப் பெயர். 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ட்ரிகரின் நடுவில் மெல்லிய தகடு ஒன்று. விரல் அதையும் சேர்த்து அழுத்தினால்தான் துப்பாக்கி வெடிக்கும். அந்தக் காவல் இருப்பதால் கனத்தைத் துணிந்து குறைக்கலாம்.

பழைய துப்பாக்கிக்கு? சில சமயம் உள்ளே உறைந்த கிரீஸைத் துடைத்தாலே இழுப்பு சீராகும். சிலவற்றில் ஸ்பிரிங்கை மாற்றலாம். ஆனால், உள்ளே இருக்கும் பிடிப்பை வீட்டில் உட்கார்ந்து அரம் போட்டுத் தேய்க்கவே கூடாது. பிடிப்பு தேய்ந்த துப்பாக்கி, கீழே விழுந்தாலே வெடிக்கலாம். அருகில் நிற்பது மகனாக இருக்கலாம். அது கைதேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

காட்டுக்கு ஒன்றரை கிலோ அளவு போதும் என்பது பலரின் கணக்கு. அதற்கும் மிகக் குறைந்தால், கையுறை போட்ட மரத்த விரலுக்கு ஆபத்து.

செலவில்லாத பயிற்சி ஒன்றும் உண்டு. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, குழல் மேல் ஒரு நாணயத்தை வைத்து ட்ரிகரை இழுக்க வேண்டும். நாணயம் விழாத வரை பழக வேண்டும்.