பெயருக்கு ஒரு பட்டம்

கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்தவள் சைக்கிளோடு நின்றிருந்தாள். என் பழைய மாணவி. தமிழ் இலக்கியம் படித்தவள் அல்ல, இயற்பியல். எங்கள் கல்லூரியில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் பகுதி ஒன்றில் தமிழ் உண்டு. அந்த நான்கு பருவங்கள் என் வகுப்பில் இருந்தாள். இப்போது இங்கே ஆய்வு மாணவி. கவிதை வாசிப்புக்காக லண்டன் வந்திருந்த நான், கையில் ஒருநாள் மிச்சமிருந்ததால் கிங்ஸ் கிராஸில் ரயிலேறிவிட்டேன்.

“வாங்கம்மா. நிறைய நடக்கணும், பரவாயில்லையா?” என்றாள். அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

கேம்பிரிட்ஜின் கதை 1209இல் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். பழி ஒரு மாணவன் மேல் விழுந்தது, அவன் தப்பியோடிவிட்டான். ஊரார் அவனோடு தங்கியிருந்தவர்களைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். பயந்துபோன அறிஞர்களும் மாணவர்களும் ஊரைவிட்டு வெளியேற, அவர்களில் ஒரு பகுதியினர் இங்கே வந்து சேர்ந்தார்கள். செத்துப்போனவள் யார் என்று எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை. 800 ஆண்டுப் பெருமை அவளுடைய பிணத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றையும் அவள் காட்டிக்கொண்டே வந்தாள். பெம்புரோக் கல்லூரியை 1347இல் நிறுவியவர் மரி தெ சென் போல் என்ற பெண். கிறைஸ்ட்ஸ், செயின்ட் ஜான்ஸ் இரண்டுக்கும் பணம் தந்தவர் லேடி மார்கரெட் போஃபர்ட். செயின்ட் ஜான்ஸ் வாசலில் அவருடைய குலச்சின்னம் பெரிதாக, வண்ணம் பூசி நிற்கிறது. பெண்ணின் காசு உள்ளே போய்விட்டது. பெண் உள்ளே போனது எப்போது? பெம்புரோக்கில் 1984இல். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலம் அது.

கிங்ஸ் பரேட் தெருவில் செனட் ஹவுஸ் எதிரே நின்றோம். வெள்ளைக் கல், தூண்கள், ஒரு காலடிகூடப் படாத புல்வெளி. பட்டமளிப்பு இங்கேதான் நடக்கும். 1897 மே 21 அன்று இங்கே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையாவது தரலாமா என்பதுதான் கேள்வி. கவனியுங்கள், முழு உரிமை கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டார்கள். வாக்களிக்க உரிமையுள்ள பழைய பட்டதாரிகள் லண்டனிலிருந்து ரயில் ரயிலாக வந்து இறங்கினார்கள். எதிரே இருந்த புத்தகக் கடையின் மாடியிலிருந்து மாணவர்கள் ஒரு பொம்மையைத் தொங்கவிட்டார்கள், சைக்கிள் ஓட்டும் பெண்ணின் உருவம். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றதும் அந்த உருவத்தைக் கிழித்து நியூன்ஹாம் கல்லூரி வாசலில் கொண்டுபோய்த் திணித்தார்கள். அன்றைய புகைப்படம் இருக்கிறது. கூட்டத்தில் தலை தலையாகத் தொப்பிகள், மேலே அந்தரத்தில் அவள்.

அந்தக் கதையை என் மாணவி சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இருவரும் ஒரு நிமிடம் அந்த சைக்கிளைப் பார்த்தோம்.

பெண்களுக்குப் படிப்பு வராது என்று அவர்கள் பயப்படவில்லை. வரும் என்று தெரிந்துபோயிருந்தது. 1890இல் கணிதத் தேர்வில் ஃபிலிப்பா ஃபாசெட் என்ற நியூன்ஹாம் மாணவி, முதலிடம் பெற்ற ஆணையே தாண்டியிருந்தார். அவர் பெயரைப் பெண்கள் பட்டியலில் தனியாக வாசித்து, “சீனியர் ரேங்க்ளருக்கு மேல்” என்று சொன்னார்கள். முதல்வனுக்கு மேலே ஓர் இடம், ஆனால் அந்த இடத்துக்குப் பட்டமில்லை. கேம்பிரிட்ஜ் பட்டம் வெறும் சான்றிதழும் அல்ல. அன்று எம்.ஏ. பெற்றவர் செனட் உறுப்பினராக, பல்கலைக்கழக விதிகளின்மேல் வாக்களிப்பவராக இருந்தார். பெயரைக் கொடுத்தால் நாளை வாக்கையும் கேட்பாள் என்பதுதான் கணக்கு. தேர்வு எழுதட்டும், ஆனால் வீட்டை நடத்துவது நாங்கள்.

இப்படிச் சொல்லும்போது எதிரிகள் எல்லாரும் பொம்மை கொளுத்துகிறவர்கள் போலத் தோன்றும். எனக்கு அதிகம் உறுத்துவது ஒரு நல்ல மனிதர்தான். பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல். பெண்களுக்கு விருப்பத்தோடு பாடம் நடத்தியவர். 1871இல் நியூன்ஹாமாக வளரப்போகும் வீட்டுக்கு வந்த முதல் ஐந்து மாணவியரில் ஒருவர் மேரி பேலி. மார்ஷலின் வகுப்பில் படித்தார், 1874இல் ஆண்கள் எழுதிய அதே தேர்வை எழுதினார், பிறகு தானே பொருளியல் கற்பித்தார். இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள், சேர்ந்து ஒரு பாடப்புத்தகமும் எழுதினார்கள். அதே மார்ஷல்தான் பட்டம் தருவதை எதிர்த்தார். அன்றிரவு வீட்டில் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். மேரி 1944இல் இறந்தார். கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தரவே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்கள் வாழ்ந்திருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எமிலி டேவிஸ் 1869இல் ஹிட்சின் என்ற ஊரில் ஐந்து பேரோடு தொடங்கிய கல்லூரி, 1873இல் நகரத்துக்கு வெளியே கிர்ட்டன் கிராமத்துக்கு வந்தது. தள்ளிவைத்தால் பேச்சு வராது என்ற எண்ணம். ஆனால் அங்கே ஒவ்வொருத்திக்கும் படுக்கையறை தனி, உட்கார்ந்து படிக்க ஓர் அறை தனி. வீட்டில் தம்பிக்கு மட்டும் மேசை பார்த்த பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும்! இரவில் கணப்பு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கோகோ குடித்தபடி பேசியிருக்கிறார்கள். நகரத்துத் தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும் என்று கிர்ட்டன் மாணவிகள் சொந்தமாகத் தீயணைப்புப் படையே வைத்திருந்தார்கள். வகுப்புக்குப் போகத்தான் துணைக்கு ஒரு மூத்த பெண் வேண்டும், தண்ணீர் வாளியோடு ஓடத் துணை வேண்டாம். நியூன்ஹாம் தன் தோட்டத்திலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டது.

1904 முதல் 1907 வரை ஒரு வழி திறந்தது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி தன் பட்டத்தைக் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டில் தேர்ந்த பெண்களுக்கும் தர முன்வந்தது. 700 பேருக்கு மேல் கப்பலேறிப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பினார்கள். ஸ்டீம்போட் லேடீஸ் என்று பெயர். படித்தது ஓரிடம், பட்டம் கடலுக்கு அந்தப் பக்கம்.

மதியம் நியூன்ஹாம் வாசலுக்கு வந்தோம். செங்கல் கட்டடம், வெண்கலக் கதவு. 1920இல் ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்துவிட்டது. கேம்பிரிட்ஜ் 1921இல் முழு உறுப்புரிமையை மறுத்து, பெயருக்கான பட்டத்தை மட்டும் தர ஒப்புக்கொண்டது. அந்த வெற்றியைக் கொண்டாட வந்த மாணவர் கும்பல் கைவண்டியால் மோதி இந்தக் கதவை உடைத்தது. கல்லூரியின் முதல் தலைவர் ஆன் கிளஃப் நினைவாக வைத்த கதவு. 1939இல் நியூன்ஹாமின் டோரதி கேரட் தொல்லியல் பேராசிரியர் ஆனார், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் முதல் பெண் பேராசிரியர். அப்போதும் பல்கலைக்கழக விவகாரத்தில் அவருக்கு வாக்கில்லை. 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் கதவின் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “நம்ம ஹாஸ்டல் கேட் இன்னும் ஆறரைக்குத்தானாம்மா?”

குத்தலாகக் கேட்கவில்லை. ஊர்ச் செய்தி கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அவள் மூன்றாம் ஆண்டு படித்தபோது விடுதி மாணவிகள் ஒரு மனு கொடுத்தார்கள். ஆய்வுக்கூடமும் நூலகமும் இரவு 8 மணி வரை திறந்திருக்கின்றன, விடுதிக் கதவு 6.30க்கு மூடுகிறது, பையன்களின் விடுதிக்கு 9 வரை நேரம். எங்களுக்கும் 8.30 வரை கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து இவளுடையது. விடுதிக் குழுவில் நான் இருந்தேன். ஏழு பேரில் மூன்று பெண்கள். “நியாயம்தான், ஆனால் பெற்றோர் ஒத்துக்கமாட்டாங்க, கொஞ்ச நாள் போகட்டும்” என்று சொன்னது நான்தான். ‘இப்போதுள்ள நேரமே தொடரலாம்’ என்ற தீர்மானத்தில் கையெழுத்தும் போட்டேன். அந்த மாதம் ஓர் இதழில் இரவுத் தெருவில் நடக்கும் பெண்ணைப் பற்றி என் கவிதை வந்திருந்தது. மாணவிகள் அதை வெட்டி விடுதிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

“ஆமா, ஆறரைதான்” என்றேன். பிறகு, “அந்தக் குழுவுல நான் இருந்தேன், தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்மா. வார்டன் அன்னைக்கே சொல்லிட்டாங்க.” சைக்கிளைத் திருப்பிக்கொண்டாள். “பரவாயில்லம்மா. நாங்க லேப் ரீடிங்கையெல்லாம் பசங்ககிட்ட வாங்கி எழுதிக்குவோம்.”

திரும்பும் வழியில் 1998 பற்றிச் சொன்னாள். 1948க்கு முன் படித்து முடித்த பெண்களை அந்த ஆண்டு அழைத்து செனட் ஹவுஸில் விழா எடுத்தார்கள். ஏறக்குறைய 900 பேர் வந்தார்களாம். எல்லாருக்கும் எழுபது வயதைத் தாண்டியிருக்கும். ஐம்பது வருடம் கழித்து அந்தப் புல்வெளியைக் கடந்து போயிருக்கிறார்கள்.

ஊர் வந்ததும் விடுதி நேரத்தை மறுபடி குழுவில் வைக்கக் கடிதம் கொடுத்தேன். மூன்றாவது கூட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஐந்துக்கு இரண்டில் தோற்றது. என் மாற்றுக் கருத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்து, “போன தடவை நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம்” என்றார். அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.