முக்கொம்பு முதல் கடைமடை வரை

ஷஃபான் மாதத்தில் ஆண்டுத் தேர்வு முடிந்து, மாணவர்கள் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு நாள் அவர்களை வெளியே அழைத்துச் செல்வது எங்கள் மதரஸாவின் வழக்கம். இம்முறை காவிரியைக் காட்டலாம் என்று நினைத்தேன். பதினொரு பிள்ளைகளுடன் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, காலை ஒன்பது மணிக்கெல்லாம் முக்கொம்பில் இறங்கினோம்.

"ஆறு எங்கே, ஹஜ்ரத்?" என்று கேட்டான் இராமநாதபுரத்துப் பிள்ளை ஒருவன். கேள்வியில் தவறில்லை. மேட்டூர் அணை பாசனத்துக்கு மூடப்பட்டிருந்த காலம் அது. எங்கு நோக்கினும் மணல். நடுவே ஒரு நீர்க்கோடு.

முக்கொம்பில்தான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் இடையே கிடக்கும் தீவு திருவரங்கம். தீவின் கீழ்முனையில் கல்லணை நிற்கிறது. கொள்ளிடத்தின் தரை தாழ்வானது. காவிரியின் தரையோ வண்டல் படிந்து மேடாகிக்கொண்டே போவது. விட்டால் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சைக் கழனிகள் காய்ந்துவிடும். இதைத் தடுக்கவே 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் இங்கே மேலணையைக் கட்டினார். அந்தப் பழைய அணையின் மதகுகளில் சில, 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் உடைந்து போயின. அதற்குப் பதிலாக 387 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட திட்டமாகப் புதிய கதவணை எழுந்தது. இத்தகைய வேலை அரசாங்கத்தின் கைக்கே உரியது. எந்த ஊர்ச் சங்கமும் அதைச் செய்துவிட முடியாது.

ஆனால் அணை எவ்வளவு உறுதியாக நின்றாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் வயலுக்கு எப்படிப் போகும்? என் பேச்சு அங்கிருந்துதான் வேறு பக்கம் திரும்பியது.

நகருக்குத் திரும்பி, பாலம் கடந்து, திருவரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறையைப் பார்த்தோம். ஆடிப் பதினெட்டில் கால் வைக்க இடமில்லாத படிகள் அன்று வெறிச்சோடியிருந்தன. பிறகு பாலக்கரைக்கு வந்து, உய்யக்கொண்டான் வாய்க்காலின் மீது சற்று நேரம் நின்றோம். உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராஜராஜனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளாக ஓடும் வாய்க்கால் இது. பேட்டவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிந்து, திருச்சி நகரை ஊடறுத்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. ஏறத்தாழ 32,000 ஏக்கர் இதை நம்பியிருக்கிறது. நகரத்துச் சாக்கடையும் பிளாஸ்டிக் பைகளும் இதையே நம்பியிருக்கின்றன என்பது தனி வருத்தம். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இதை யார் தூர் வாருவது?" என்று அதே பிள்ளை மீண்டும் கேட்டான்.

முற்காலத்தில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. ஏரியும் வாய்க்காலும் பயன்படுத்துகிற குடிகள், கோடையில் ஒன்று கூடி வண்டல் அள்ளிக் கரையைப் பலப்படுத்துவார்கள். அதைப் பொற்காலமாகப் பாடுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. மண் சுமந்தவர்களில் நிலமற்ற ஏழைகளும் இருந்தார்கள். விளைச்சல் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எனினும் வேலை நடந்தது. ஆங்கிலேய அரசு 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டத்தால் இவ்வழக்கத்தைக் கட்டாயமாக்கியது. வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தராதவரிடம் அதன் மதிப்பில் இரு மடங்கை வசூலிக்கவும் வகை செய்தது. அபராதத்தால் ஊர் ஒற்றுமையை வளர்த்துவிட முடியுமா? வழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது.

2017 மார்ச்சில் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டமாக 30 மாவட்டங்களில் 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2019-20இல் தொகை 499 கோடியைத் தாண்டியது. ஒப்பந்தக்காரரிடம் விடாமல் பாசனதாரர் சங்கங்களே பணி செய்ய வேண்டும். செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது விதி. நல்ல விதி என்றே இன்றும் சொல்வேன். 1995இல் நடுவண் அரசு நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுக்கு வகுத்த நெறிமுறைகளிலும் இதே எண்ணம் இருந்தது. ஏறத்தாழ 500 ஹெக்டேருக்கு ஒரு திட்டம், ஊரார் குழு, ஊரார் பங்கு. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் கிராமம் இத்தகைய அரசுப் பணத்தோடு தன் உழைப்பையும் சேர்த்துத்தான் தலை நிமிர்ந்தது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்று அவ்வூரார் தாங்களே தடை விதித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொன்னபின் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாத ஒன்று மிஞ்சியிருந்தது. லுஹர் தொழுதுவிட்டு, துவாக்குடிப் பக்கம் போகும் பேருந்தில் அவர்களை என் தகப்பனாரின் ஊருக்கு அழைத்துப் போனேன். அங்கே எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலமுண்டு. கிளை வாய்க்காலின் கடைமடை.

அவ்வாண்டுகளில் ஒரு கோடையில் எங்கள் கிளை வாய்க்காலுக்கும் பணம் வந்தது. பொக்லைன் இயந்திரம் நான்கு நாள் ஓடியது. ஒரு மாலை ஒரு நோட்டுப் புத்தகம் என் முன் நீட்டப்பட்டது. நான் ஆறு நாள் மண் வெட்டியதாக அதில் எழுதியிருந்தது. நான் ஒரு நாளும் வெட்டவில்லை. "எல்லாரும் போட்டாச்சு ஹஜ்ரத், நீங்களும் போட்டாத்தான் பில் பாஸாகும்" என்றார்கள். போட்டேன். அமானத்தைப் பற்றி அன்று காலையில்தான் பாடம் நடத்தியிருந்தேன்.

அவ்வாண்டு தண்ணீர் வந்தது. எங்கள் வயலுக்கு மூன்று வயல் முன்பே நின்றுவிட்டது. சாலையிலிருந்து கண்ணில் படுகிற தூரம் வரை இயந்திரம் நன்றாக வெட்டியிருந்தது. அதற்கு அப்பால் கோரைப்புல் அப்படியே நின்றது. நான் உண்மையாகவே ஆறு நாள் அங்கே நின்றிருந்தால், அந்தக் கோரை நிற்பதை முதல் நாளே பார்த்திருப்பேன். பத்தில் ஒரு பங்கு என்று விதித்தது பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. வேலை நடக்கும் இடத்தில் எங்கள் கண் இருக்க வேண்டும் என்பதற்காக என்று அப்போதுதான் புரிந்தது. பணம் மறுபடி வருமானால், கடைமடைக்காரர் அளந்து பார்த்து ஒப்பிய பிறகே பட்டியல் தொகை வழங்கப்பட வேண்டும். கணக்கை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் வரப்பில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்த நோட்டு இன்னும் இருக்குமா, ஹஜ்ரத்?" என்றான் ஒருவன்.

"இருக்கும்" என்றேன்.

அடுத்த வயல்காரரான முதியவர் ஒருவர் எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். வருகிற சித்திரையில், அரசுப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், கடைசி மூன்று வயலளவுக் கோரையை நாங்களே வெட்டுவதாக அவரிடம் பேசி முடித்தேன். இன்ஷா அல்லாஹ், ஆறு நாள். நாளை அவரே குறித்துத் தந்தார். மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட வேண்டும் என்றும் சொன்னார்.