மெலனி போட்ட வழக்கு

‘கான் வித் த விண்ட்’ படத்தை எப்போது பார்த்தாலும் என் கண் மெலனியைத்தான் தேடும். கதை முழுக்க நாயகி ஸ்கார்லெட்டின் கையில் இருக்கிறது. மெலனி பெரும்பாலும் ஓரமாக நிற்பவள். ஆனால் ஒரு காட்சி உண்டு. வீட்டுக்குள் புகுந்த படைவீரனை ஸ்கார்லெட் சுட்டுவிடுகிறாள். பிரசவமாகி எழுந்து நிற்கவே தெம்பில்லாத மெலனி, வெடிச் சத்தம் கேட்டு ஒரு கனத்த வாளை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வருகிறாள். கீழே பிணம் கிடக்கிறது. அவள் அலறவில்லை. ஜன்னல் பக்கம் போய், துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறி வெடித்துவிட்டது என்று வெளியே இருப்பவர்களிடம் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்புகிறாள். அடுத்து, செத்தவன் பையில் ஏதாவது இருக்கிறதா பார் என்கிறாள். மென்மைக்குள் இவ்வளவு உரம் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டிய காட்சி அது. அந்த வேடத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, அந்த உரம் அவருக்கே சொந்தமானது என்று தெரிந்தது.

அவர் பிறந்தது 1916இல், டோக்கியோவில், ஆங்கிலேயப் பெற்றோருக்கு. வளர்ந்தது கலிபோர்னியாவின் சரடோகா என்ற சிற்றூரில். கல்லூரியில் படித்து ஆங்கில ஆசிரியை ஆவதுதான் திட்டம். 1934இல் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் ஹாலிவுட் பௌல் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தை மேடையேற்றினார். நடிக்க வேண்டியவர் வர முடியாமல் போக, மாற்று நடிகையாக இருந்த ஒலிவியாவுக்கு ஹெர்மியா வேடம் கிடைத்தது. அங்கிருந்து வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ அவரை அழைத்துக்கொண்டது. நடிகர் எரால் ஃப்ளின்னோடு ‘கேப்டன் பிளட்’, ‘தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ என்று எட்டுப் படங்கள். வாள் சுழற்றும் வீரனைக் காதலோடு பார்த்து நிற்கிற நாயகி, அவ்வளவுதான் வேலை.

மெலனி வேடமும் தானாக வரவில்லை. அது வேறொரு நிறுவனத்தின் படம். ஒலிவியாவை இரவல் தர முதலாளி ஜாக் வார்னர் மறுத்துவிட்டார். ஒலிவியா சண்டைக்குப் போகவில்லை. வார்னரின் மனைவியைத் தேநீருக்கு அழைத்துத் தன் ஆசையைச் சொன்னார். அனுமதி வந்தது. மெலனியாக நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றுத் திரும்பியவருக்கு மறுபடியும் பழைய பொம்மை வேடங்களே காத்திருந்தன. இனி முடியாது என்று சொல்லத் தொடங்கினார்.

அந்நாளைய ஹாலிவுட் ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் ஒதுக்கிவைப்பார்கள். ஒதுக்கிய காலத்தை ஒப்பந்தத்தின் கடைசியில் கூட்டிக்கொள்வார்கள். பண்ணையாள் காய்ச்சலில் படுத்த நாட்களையும் கணக்கில் ஏற்றி, அதையும் உழைத்துக் கழி என்கிற பண்ணையாரின் கணக்குதான் இது. 1936இல், 19 வயதில், ஒலிவியா போட்ட ஒப்பந்தம் 1943இல் முடிந்திருக்க வேண்டும். இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றது நிறுவனம்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இந்தச் சாது மிரளவே இல்லை. வழக்கறிஞர் மார்ட்டின் காங்கைப் பார்த்தார். ஏழு வருடத்துக்கு மேல் யாரையும் வேலை ஒப்பந்தத்தில் கட்டிப்போடக் கூடாது என்று கலிபோர்னியாவில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. ஏழு வருடம் என்றால் நாட்காட்டிப்படி ஏழு வருடமா, வேலை பார்த்த நாட்களை மட்டும் கூட்டிய ஏழு வருடமா என்பதே கேள்வி. 1943 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார். இதே நிறுவனத்தை எதிர்த்து நடிகை பெட் டேவிஸ் 1936இல் லண்டன் நீதிமன்றத்தில் தோற்றிருந்தார் என்பதை நினைத்தால்தான் அந்தத் துணிச்சலின் அளவு புரியும்.

ஒலிவியாவுக்கு யாரும் வேலை தரக் கூடாது என்று மற்ற ஸ்டுடியோக்களுக்குக் கடிதம் அனுப்பினார் வார்னர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படம் இல்லை. சிறு வேடமாவது கிடைக்காதா என்று நடிகைகள் ஏங்கும் தொழிலில், புகழின் உச்சத்தில் இரண்டு ஆண்டுகள்! அந்த நாட்களில் அவர் அலாஸ்காவிலும் தென் பசிபிக் தீவுகளிலும் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்க் காயம்பட்ட வீரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஃபிஜியில் நிமோனியாவில் படுத்தார். 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஏழு வருடம் என்றால் நாட்காட்டிப்படி ஏழு வருடம்தான். 1945 தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் வார்னரின் மனுவை ஏற்க மறுத்ததோடு கதவு திறந்தது.

திறந்த கதவு வழியே அவர் எங்கே போனார் என்பதுதான் எனக்கு முக்கியம். ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்தில் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல முடியாத தாயாக நடித்து முதல் ஆஸ்கரை வாங்கினார். ‘தி ஸ்னேக் பிட்’ படத்துக்காக மனநல மருத்துவமனைகளுக்கே போய் நோயாளிகளைக் கவனித்தார். ‘தி ஏரஸ்’ நாடகத்தை பிராட்வேயில் பார்த்துவிட்டு, இதைப் படமாக்குங்கள் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் எடுத்துச் சென்றவரும் அவரே.

அந்தப் படத்தில் ஓர் இரவு. கூட்டிப்போக வருவதாகச் சொன்ன காதலன் வரவில்லை. ஒலிவியா நடித்த கேதரின் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். காட்சி திருப்தியாக வரும்வரை வைலர் திரும்பத் திரும்ப எடுத்தார் என்றும், கடைசியில் வெறும் பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கச் சொன்னார் என்றும் சொல்வார்கள். பெட்டியின் பாரம் அவர் தோளில் தெரிகிறது; அதைவிடப் பெரிய பாரம் முகத்தில். படத்தின் முடிவில் அதே காதலன் கதவைத் தட்டுகிறான். அவள் பூத்தையல் வேலையின் கடைசி நூலை வெட்டிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு நிதானமாக மாடி ஏறிவிடுகிறாள். அந்த நிதானத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. 1949இல் வந்த இந்தப் படம் அவருக்கு இரண்டாவது ஆஸ்கரைத் தந்தது.

1950களில் பாரிஸில் குடியேறினார். 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர்தான். 1980களின் இறுதியோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். அதன் பிறகும் பாரிஸின் அமெரிக்கத் தேவாலயத்தில் பைபிள் வாசகம் படிப்பவராக, வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுபவராக வாழ்ந்தார். புகழ் போனபின் புழுங்கிக்கொண்டிருந்த நட்சத்திரங்களின் கதை நமக்கு நிறையத் தெரியும். இவர் ஓய்வை ஒரு வீட்டைப்போல் ஒழுங்காக வைத்துக்கொண்டார்.

101 வயது நிறையும் தருவாயில் மறுபடி ஒரு வழக்கு. ‘ஃப்யூட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தன்னை அனுமதியில்லாமல் பாத்திரமாக்கி, தான் பேசாததைப் பேசவைத்தது என்றார். 2018இல் தோற்றார். உண்மை மனிதர்களைக் கதையாக்கும் உரிமை கலைக்கு வேண்டும் என்பதால் அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த வயதில் தன் பெயருக்காக நீதிமன்றப் படியேறிய மனத்திண்மைக்குத் தலைவணங்குகிறேன்.

2020 ஜூலையில், 104 வயதில், பாரிஸில் காலமானார். கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2855ஆம் பிரிவை இன்றும் டி ஹாவிலண்ட் சட்டம் என்றே அழைக்கிறார்கள். 2008இல் தங்கள் இசைத்தட்டு நிறுவனத்தோடு மோதிய ‘தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ குழுவினரும் அதைத்தான் துணைக்கு எடுத்தார்கள். கலைத்தொழிலுக்கு வரும் பிள்ளைகள் அவருடைய படங்களைப் பார்க்கட்டும். கூடவே அந்தத் தீர்ப்பின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே.