நாற்பதாயிரம் என்று யார் சொன்னது?

கார் வாங்கியபோது கொடுத்த கையேட்டில் இன்ஜின் ஆயிலுக்குக் கெடு போட்டிருக்கிறார்கள். பிரேக் ஆயிலுக்கு, கூலன்டுக்கு, ஏர் ஃபில்டருக்குக்கூட இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெயான ஏடிஎஃப்-க்கு நேராக மட்டும் ‘பரிசோதிக்கவும்’ என்று இருக்கிறது. எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று எங்கும் எழுதவில்லை. சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், “அது சீல்டு பாக்ஸ் சார், வண்டி இருக்கற வரைக்கும் ஆயில் மாத்த வேணாம்” என்கிறார்கள். சென்னை புதுப்பேட்டைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் கியர் பாக்ஸ் மட்டுமே பிரித்து மாட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் நான் கேட்டு முடிப்பதற்குள், “நாப்பதாயிரம். அதுக்கு மேல விடாதீங்க தம்பி” என்றார். இன்னொரு மெக்கானிக்கோ, “இவ்ளோ ஓடினப்புறம் தொடாதீங்க சார், தொட்டா பாக்ஸ் போயிடும்” என்று எச்சரித்தார்.

மூவருமே தொழில் தெரிந்தவர்கள். யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அப்படியானால் மூன்று பேச்சுக்கும் எங்கோ ஒரு வேர் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பெரியவரின் எண்ணிலிருந்து தேடத் தொடங்கினேன். “எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தது. அவரு இம்பாலா, பிளைமவுத்துனு பெரிய வண்டி பிரிச்சவரு” என்பதுதான் அவரிடம் கிடைத்த ஒரே துப்பு. இம்பாலா ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி. எனவே அந்த நிறுவனத்தின் பழைய கையேடுகளையும் எண்ணெய்த் தர வரலாற்றையும் படிக்க உட்கார்ந்தேன்.

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைப் பெருமளவில் தயாரித்து மக்களிடம் விற்ற முதல் நிறுவனம் அதுதான். ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் குழு உருவாக்கிய ஹைட்ரா-மேட்டிக், 1939 இறுதியில் அறிவிக்கப்பட்டு, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கூடுதலாக 57 டாலருக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அதே பெட்டி எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகளில் ஏறியது. போர் முடிந்து லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போன பிறகு, எண்ணெயை நிறுவனம் மட்டுமே விற்றுக்கொண்டிருக்க முடியவில்லை. 1949-இல் ‘டைப் ஏ’ என்ற தரத்தை ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்தது. எந்த எண்ணெய் நிறுவனமும் அந்தத் தரத்துக்குத் தயாரித்து, சோதனையில் தேறி, உரிமம் பெற்று விற்கலாம். சிகாகோவிலிருந்த ஆர்மர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் சோதனையில் தேறிய எண்ணெயின் டப்பாவில் அதற்குரிய எண் அச்சாகியிருக்கும்.

டைப் ஏ காலத்து எண்ணெய்க்குச் சொல்லப்பட்ட கெடு அதிகபட்சம் 25,000 மைல். கிலோமீட்டராக்கினால் 40,000!

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாலையில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். பெரியவர் சொன்ன எண் காற்றில் வந்ததல்ல. ஒரு தொழிற்சாலை எழுதியது, மேஸ்திரிகளின் வாய்வழியாக மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறி, அந்தச் சந்து வரை வந்து சேர்ந்திருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த எண்ணெய் இன்று இல்லை. எனவே அடுத்த கேள்வி: அந்தக் கெடு எதற்காக வைக்கப்பட்டது?

இன்ஜின் ஆயிலைப் போல இந்த எண்ணெயில் புகையும் கரியும் வந்து சேர்வதில்லை. எரிப்பு நடக்கும் இடத்துக்கு இது போவதே கிடையாது. ஆனாலும் ஒரே நேரத்தில் இது பார்க்கும் வேலைகள் அதிகம். டார்க் கன்வர்ட்டருக்குள் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துகிறது. வால்வுகள் வழியே அழுத்தமாகச் சென்று கியரை மாற்றுகிறது. பல்சக்கரங்களுக்கு உயவு தருகிறது. சூட்டைக் கூலருக்குச் சுமந்து செல்கிறது. இவை எல்லாவற்றையும்விட நுட்பமான வேலை, எண்ணெயில் மூழ்கியிருக்கும் க்ளட்ச் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்கும் கணத்தில் நடப்பது. வழுக்கல் அதிகமானால் தகடு கருகும். குறைந்தால் வண்டி உதறும். அந்த அளவைக் காப்பதற்கென்று உராய்வைச் சீராக்கும் வேதிப்பொருள்கள் எண்ணெயில் கலக்கப்படுகின்றன. முதலில் தீர்ந்துபோகக்கூடியவற்றில் அவையும் அடக்கம். சூட்டில் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து புளிக்கிறது, தகட்டின் தூள் கலக்கிறது, பிசுக்கு குறைகிறது.

அந்த உராய்வுப் பொருளைத் தேடிப் போன இடத்தில்தான் திமிங்கிலம் வந்தது. 1960-களில் அமெரிக்க ஆட்டோமேட்டிக் பெட்டிகளின் எண்ணெயில் இதற்காகச் சேர்க்கப்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து எடுத்த எண்ணெய். அம்பர்கிரிஸ் கடத்தியவர்கள் பிடிபட்டதாக நம் கடலோர மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோமே, அந்த அம்பர்கிரிஸைத் தரும் அதே உயிர். 1967-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த ‘டெக்ஸ்ரான்’ தரமும் அதை நம்பியே இருந்தது. 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினங்கள் பட்டியலில் சேர்த்த பிறகு அந்த எண்ணெயின் வரத்து நின்றது. மாற்றாக வந்த முதல் கலவைகளில் ஒன்று, ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெய்க் கூலரின் ஈயப்பற்றை அரித்தது. கூலன்ட் கசிந்து கியர் பெட்டிக்குள் புகுந்து பல பெட்டிகள் வீணாயின. பிறகு அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்த்துத் திருத்தினார்கள். ஓர் உயிரினத்தைக் காப்பதற்காகச் செய்த அந்த மாற்றம் முழுக்கச் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சேர்மானத்தில் சிறிய மாற்றம்கூடப் பெட்டியை என்ன பாடுபடுத்தும் என்பதும் அப்போது தெரிந்துவிட்டது. ‘எந்த ஏடிஎஃப் ஊத்தினா என்ன, எல்லாம் செகப்புதானே’ என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும். சிவப்பு வெறும் சாயம். இன்ஜின் ஆயிலிலிருந்து வேறுபடுத்தவும் கசிவைக் கண்டுகொள்ளவும் போட்டது.

அதன்பின் எண்ணெய் உண்மையிலேயே மேம்பட்டது. 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6, முந்தைய தரத்தைவிட இருமடங்குக்கும் மேலாக உழைக்கும் என்று அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள். கெடு 25,000 மைலிலிருந்து 1,00,000 மைல் வரை நீண்டது. பல வண்டிகளில் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் மறைந்தது. கடைசியில் கெடுவுக்கான எண்ணே மறைந்தது. சர்வீஸ் சென்டரின் தீர்ப்பு பிறந்தது இங்கேதான். பராமரிப்புச் செலவு குறைவான வண்டி என்று சொல்லி விற்க, அட்டவணையில் ஒரு வரி குறைவது லாபம். கழிவு எண்ணெயும் குறைகிறது. வாரண்டி முடியும் வரை பெட்டி பெரும்பாலும் ஓடியும் விடுகிறது.

மாற்றவே வேண்டாம் என்ற அந்தத் தீர்ப்பை உடைத்துக் காட்டிய சான்று ஜெர்மனியில் கிடைத்தது. செப்பலின் வான்கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காக 1915-இல் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் தொடங்கிய இசட்எஃப் நிறுவனம், 2001-இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியை பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காருக்குக் கொடுத்தது. கார் நிறுவனம் அந்த எண்ணெயை மாற்றத் தேவையில்லாததாக அறிவித்தது. பெட்டியைச் செய்த இசட்எஃப் என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. அதற்கென்று எண்ணெயும் ஃபில்டரும் சேர்த்துத் தானே விற்கிறது. மாற்றும் சாமான் விற்பதில் அவர்களுக்கும் ஆதாயம் உண்டுதான். ஆனாலும் பெட்டியின் உள்ளே இருப்பதை அறிந்தவர் பேச்சுக்கே நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

இனி சூடு. பல நிறுவனங்களின் கையேடுகளில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: சாதாரணப் பயன்பாடு, கடுமையான பயன்பாடு. கடுமையானது எது என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகள் தரும் விளக்கத்தைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளி வெப்பம் அடிக்கடி 32 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில் நெரிசலான நகரப் போக்குவரத்து, மலைப்பாதை, டிரெய்லர் இழுப்பது, டாக்ஸி ஓட்டுவது. முதல் வரி சென்னையின் வருணனை. மதுரைக்கும் திருச்சிக்கும் அதே வரிதான். இரண்டாவது வரி, வார இறுதியில் ஊட்டிக்கோ ஏற்காட்டுக்கோ ஏறுகிறவர்களுக்கு. சாதாரண அட்டவணையில் 1,60,000 கிலோமீட்டர் என்றிருந்த கெடு, கடுமையான அட்டவணையில் 80,000 ஆகப் பாதியாகிறது. அங்கே விதிவிலக்காக எழுதப்பட்டது இங்கே அன்றாடம்.

கத்திப்பாராவில் ஊர்ந்து ஊர்ந்து நகரும்போது டார்க் கன்வர்ட்டரின் ஒரு பாதி சுழல, மறு பாதி பின்தங்குகிறது. இடையில் கலக்கப்படும் எண்ணெய்தான் அந்த வித்தியாசத்தைச் சூடாக வாங்கிக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் லாக்-அப் க்ளட்ச் பிடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும், கூலரிலும் காற்று வீசும். நெரிசலில் இரண்டும் கிடையாது.

ஆட்டோமேட்டிக் பெட்டி பழுதுபார்ப்பவர்களிடையே ஒரு சூட்டுக் கணக்கு புழங்குகிறது. எண்ணெய் சுமார் 80 டிகிரியில் இருந்தால் 1,60,000 கிலோமீட்டர் தாங்கும். ஏறத்தாழ 11 டிகிரி ஏறுவதற்கு ஒருமுறை ஆயுள் பாதியாகும். அதன் வேர் பட்டறையில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. பத்து டிகிரிக்கு வினையின் வேகம் இரண்டு முதல் நான்கு மடங்காகும் என்று 1884-இல் வேதியியலாளர் வான்ட் ஹாஃப் எழுதினார். 1889-இல் அரீனியஸ் என்ற இன்னொரு வேதியியலாளர் அதைச் சமன்பாடாக்கினார்.  பட்டறைக் கணக்கு பழைய எண்ணெய்க்கு உரியது, இன்றைய எண்ணெய் அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் சூடு ஏற ஏற ஆயுள் இறங்கும் என்ற விதி மாறவில்லை. அந்தக் கணக்கில் 102 டிகிரிக்கு நேராக வரும் எண், பெரியவரின் அதே 40,000.

மூன்றாமவரின் பயத்துக்கும் காரணம் உண்டு. பலர் பெட்டி வழுக்கத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய் மாற்ற வருகிறார்கள். தகடு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. மாற்றிய மறுவாரம் பெட்டி நின்றால் பழி புது எண்ணெய் மேல் விழுகிறது. மெஷின் வைத்து அழுத்தத்தில் ஃப்ளஷ் செய்யும்போது படிந்த கசடு கிளம்பி வால்வுகளை அடைக்கும் அபாயமும் உண்டு. அதனால் நீண்ட நாள் மாற்றாத வண்டிக்கு ட்ரெய்ன் ப்ளக் வழியே இறக்கி, இறங்கிய அளவே ஊற்றுவதுதான் உத்தமம். ஒருமுறையில் பாதிகூட இறங்காது, மீதி கன்வர்ட்டரில் நிற்கும். 40 சதவீதம் மாறுவதாக வைத்தால், இடைவெளி விட்டு மூன்று முறை செய்யும்போது 78 சதவீதம் புது எண்ணெயாகிவிடும். வண்டி சமதளத்தில் நிற்க, இன்ஜின் ஓட, எண்ணெய் அந்தப் பெட்டிக்குச் சொன்ன வெப்பத்தில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். பல பெட்டிகளுக்கு அது 40 டிகிரியை ஒட்டி இருக்கும். இதைத் தெர்மாமீட்டரோ ஸ்கேனரோ இல்லாமல் செய்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

நான் சொல்வது டார்க் கன்வர்ட்டர் வகைக்கு. சிவிடி பெட்டிக்கு அதற்கே உரிய எண்ணெய், அதற்கே உரிய கெடு. ஏடிஎஃப் ஊற்றினால் உள்ளிருக்கும் இரும்புப் பட்டை வழுக்கிக் கெடும். 2014-இல் செலேரியோ கார் வழியாக இந்தியாவில் பரவிய ஏஎம்டி, கியரைத் தானே மாற்றும் மேனுவல் பெட்டிதான். அதற்கு மேனுவல் கியர் ஆயில் கணக்கு.

என் முடிவு 60,000 கிலோமீட்டர். பெரியவரின் எண்ணுக்கும் கடுமையான அட்டவணையின் 80,000-க்கும் நடுவே, இந்த வெயிலுக்கும் நெரிசலுக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. குறைவாக ஓட்டுகிறவர்கள் எட்டு ஆண்டைத் தாண்ட விடாதீர்கள். நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், சில எண்ணெய்கள் நன்றாக இருக்கும்போதே கறுக்கும். தீய்ந்த வாடை வந்தாலோ, கியர் மாறுகையில் உதறினாலோ கெடு வரை காத்திருக்க வேண்டாம். கையேட்டில் உங்கள் பெட்டிக்குச் சொன்ன தரத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு போய், பில்லிலும் அதே பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள்.