சொல்ல முடியாத பயம்

பேய்ப் படங்களிடம் நான் எதையும் எதிர்பார்ப்பதில்லை. ஹிடியோ நகாடாவின் 'டார்க் வாட்டர்' (2002) படத்தையும் அப்படித்தான் பார்க்க உட்கார்ந்தேன். 'ரிங்' (1998) எடுத்தவர். மூலக்கதையும் அதே கோஜி சுஸுகியுடையது. கிடைத்ததோ எதிர்பாராத சந்தோஷம்.

விவாகரத்து வழக்கின் நடுவே யோஷிமி தன் சிறு மகளோடு ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வருகிறாள். மகள் யாரிடம் வளர்வது என்பது தீர்மானமாகவில்லை. கூரையில் ஈரக்கறை படர்கிறது, சொட்டுகிறது. குப்பையில் போட்ட சிவப்புப் பை திரும்ப வருகிறது. எல்லாம் இவ்வகைப் படங்களின் வழக்கமான தளவாடங்கள்தாம். ஆனால் இவளால் அலற முடியாது. முன்பு குரூரமான நாவல்களுக்குப் பிழை திருத்தி மனம் கலங்கியவள் என்பது கணவனின் ஆயுதம். (மெய்ப்புப் பார்க்கும் நண்பர்கள் கவனிக்க.) கண்டதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், மகள் போய்விடுவாள். பயத்தை விழுங்குவதுதான் அவள் தாயாக இருக்கத் தகுதியானவள் என்பதற்கு அத்தாட்சி. பேயைவிட இந்த நிர்ப்பந்தம்தான் என்னை உலுக்கியது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்த சிறுமியும் தாய் விட்டுப்போனவள். யோஷிமியே குழந்தையில், மழை நாளில், அம்மா வருவாளென்று பள்ளியில் காத்திருந்தவள். லிஃப்டில் அவள் அந்தச் செத்த குழந்தையை அணைத்துக்கொள்கிறாள்; வெளியே நின்று சொந்த மகள் பார்க்கிறாள்.

பத்து வருஷத்துக்குப் பின் நடக்கும் கடைசிப் பகுதி உபரி என்று தோன்றலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. வளர்ந்த மகள் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, கூடவே இருந்துவிடட்டுமா என்று அம்மாவைக் கேட்கிறாள்.