மேசைவாளும் பத்து விரல்களும்

படுவான்கரையிலே, வவுணதீவில், வீட்டோடு சேர்ந்த எமது தளபாடக் கூடத்துக்குப் புதிய மேசைவாள் வந்துள்ளது. முதிரைப் பலகையை நெடுக அறுக்கும்போது அது சிலவேளை நெளியும்; அறுத்த பிளவு ஒடுங்கிச் சுழலும் வாளைக் கவ்வும்; பலகை எம்மை நோக்கிப் பாயும். பழைய வாளில் இதற்குத் தடையேதும் இருந்ததில்லை. ஆதலின், வலிய மோட்டாரினும், வாளின் பின்னே நின்று பிளவை விரித்துவைக்கும் சிறு தகட்டையே நாம் தேடினோம். விரல் பட்டதும் ஏறத்தாழ 5 மில்லி விநாடியில் நின்றுவிடும் வாளை அமெரிக்கரான ஸ்டீபன் காஸ் 1999இல் ஆக்கினார். அதன் விலை எமக்கு எட்டாது. ஆகவே குறுகிய துண்டுகளைத் தள்ளுகோலாலேயே தள்ளுகிறோம்.

"ஒரு தகட்டுக்கா இவ்வளவு பணம்?" என்றாள் இல்லாள். கதிரைக்கு நான்கு கால் போதும். அதைச் செய்வோனுக்குப் பத்து விரலும் வேண்டுமன்றோ!