தண்ணி பட்டுச்சா என்று கேட்டான்

அந்தக் கடிகாரத்தின் கண்ணாடியில் விரிசல் விழுந்தது என்னால். விரிசல் விழுந்தது தெரிந்த பிறகும் மூன்று நாள் அதைத் தண்ணீரில் நனைத்தவனும் நான்தான். பிறகு பழியை ரிப்பேர் கடையில் வேலை பார்த்த இருபது வயதுப் பையன் தலையில் போட்டேன். அவனுடைய முதலாளியிடமிருந்து 2,000 ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கி வந்தேன். ஏழு மாதம் இதை யாரிடமும் சொல்லவில்லை.

துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் வேலை பார்க்கும் என் மகள், தன் முதல் போனஸில் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் அது. விலை 16,000 ரூபாய். நான் ஓய்வுபெற்ற மாதம். "இனிமே காலைல நடக்கணும்ப்பா, சும்மா பேப்பரை வெச்சுக்கிட்டு உக்காரக் கூடாது" என்று அவளே கையில் கட்டிவிட்டாள். பல்லாவரம் கன்டோன்மென்ட் பக்கம் மரநிழலில் நடப்பேன். மணிக்கட்டைத் தொடும் பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைகிறது. அதை வைத்துத்தான் நாடியை எண்ணுகிறது என்று அவள் விளக்கினாள். என் கணக்கு அவள் போனுக்கும் போகும். ராத்திரி வந்ததும், "இன்னைக்கு நாலாயிரம் ஸ்டெப்புதானா?" என்பாள். ஒரு மகள் அப்பாவைக் கவனித்துக்கொள்கிற விதம் அது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையை அறிந்தவர்களுக்குத் தெரியும், பழைய டிரங்க் ரோட்டில் அன்றைக்குக் கிடைக்காத பொருள் கிடையாது. செடி, கருவாடு, கோழிக்குஞ்சு, பழைய கட்டில், கழற்றிப் போட்ட மோட்டார், உயிர் போன செல்போன்கள். நான் ஒரு பழைய தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்களை விலை பேசி வாங்கினேன். மேலே பலகை போட்டு மேஜையாக்கலாம் என்று ஆசை. தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது இரும்பு என் இடது மணிக்கட்டில் இடித்தது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டியது.

இந்தக் கண்ணாடிகளை உருகிய உப்பில் முக்கி எடுத்து உறுதியாக்குகிறார்கள். கண்ணாடியில் இருக்கும் சோடியம் வெளியேறி, அதைவிடப் பெரிய பொட்டாசியம் அந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உட்காரும். அந்த நெருக்கம்தான் மேற்பரப்பின் பலம். ஆனால் ஓரத்தில் விழும் அடியை அது அவ்வளவாகத் தாங்காது. விரிசல் விட்டுவிட்டால், 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்தையும் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு அப்புறம் அர்த்தமில்லை. இதெல்லாம் பின்னால் படித்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. விரிசலுக்குள் தண்ணீர் போகும் என்பது அன்றைக்கே தெரியும். ஆனாலும் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால், அவள் வாங்கித் தந்ததை இரண்டே மாதத்தில் உடைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதனால் எப்போதும் போலக் கட்டிக்கொண்டே குளித்தேன், பாத்திரம் கழுவினேன், மழையில் நடந்தேன். நாலாம் நாள் கண்ணாடிக்கு அடியில் ஆவி படர்ந்தது. டச் வேலை செய்யவில்லை.

சர்வீஸ் சென்டரில், வெளிச் சேதத்துக்கு வாரண்டி கிடையாது, திரையை மட்டும் மாற்றித் தரவும் மாட்டோம், 9,500 கட்டினால் வேறு வாட்ச் தருவோம் என்றார்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் 3,800 கேட்டார்கள். அங்கே கொடுப்பதற்கு முந்தின ராத்திரி நான் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். வாட்ச்சை அரிசி டப்பாவில் புதைத்து வைத்து ஆவியைப் போக்கினேன். பிறகு பழைய டூத் பிரஷ்ஷை எடுத்து, விரிசலில் படிந்திருந்த அழுக்கைத் தேய்த்து எடுத்தேன்.

ஏன் தேய்த்தேன் என்பது புரிய, என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனியில் 27 வருடம் மோட்டார் கிளெய்ம் பார்த்தவன் நான். போன மாதம் உடைந்த முன்கண்ணாடியை நேற்று உடைந்ததாகச் சொல்லி வருவார்கள். புது விரிசல் சுத்தமாக இருக்கும். பழைய விரிசலில் தூசி இறங்கிக் கறுத்திருக்கும். நசுங்கிய தகட்டில் துரு ஏறியிருந்தால் அந்த அடி பழசு. உடைப்பைப் படிப்பது ஒரு கலை என்று எனக்குப் பெருமை உண்டு. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இதே பல்லாவரத்து மண்ணில் ஒரு கல்லை எடுத்து, இது தானாக உடைந்ததல்ல, ஆதி மனிதன் செதுக்கிய கோடரி என்று கண்டுகொண்டார். சில்லு பெயர்ந்திருந்த விதமே அவருக்குச் சாட்சி. எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் இதை ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். கூடவே முதல் பாடத்தையும் சொல்வேன்: இன்சூரன்ஸ் முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். 1766-இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு, சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையைப் பற்றிய வழக்கில் அதை அழுத்திச் சொன்னார். நம் 1963-ஆம் வருடத்துக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. கேட்டதற்குப் பொய் சொல்வது மட்டும் குற்றமில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதும் குற்றம். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எத்தனை பேரின் கிளெய்மை இந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளியிருப்பேன்.

கடையில் அந்தப் பையன் வாட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தண்ணி பட்டுச்சா சார்?" என்று கேட்டான்.

"இல்லையே" என்றேன். யோசிக்கவே இல்லை.

"எப்ப சார் விரிசல் விட்டுச்சு?"

"நேத்து ராத்திரி."

அவன் நம்பினான். ஹீட்டிங் பேடில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டை ஓரத்தில் நுழைத்துத் திரையைத் தூக்கினான். நான் பக்கத்திலேயே நின்றேன். நல்ல கை அது. அவசரமே இல்லை. புதுத் திரையை ஒட்டி மூடிச் சார்ஜில் போட்டபோது, வாட்ச் ஒரு தரம் ஒளிர்ந்து அணைந்தது. அப்புறம் எதற்கும் அசையவில்லை. மறுபடி திறந்து லென்ஸ் வழியாகப் பார்த்தவன் மெதுவாகச் சொன்னான்: "சார், போர்டுல பச்சையா பூத்திருக்கு. இது தண்ணி போய் ரெண்டு மூணு நாள் ஆனது."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் குரலை உயர்த்தினேன். "நல்லா ஓடிட்டு இருந்த வாட்ச்சைத் திறந்து கெடுத்துட்டு என் மேலேயே சொல்றியா? நான் 27 வருஷம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பாத்தவன். பழைய டேமேஜ் எது, புது டேமேஜ் எதுன்னு எனக்கே பாடம் எடுக்கறியா?" கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். டீ குடிக்கப் போயிருந்த முதலாளி ஓடி வந்தார். பையன் கழற்றிய பழைய திரையை அவரிடம் நீட்டினான். "அண்ணே, லென்ஸ்ல பாருங்க, விரிசல் அடியில அழுக்கு இருக்கு." பிரஷ்ஷுக்கு எட்டாத அழுக்கு. நான் எந்தச் சோதனையால் பிழைப்பு நடத்தினேனோ அதே சோதனை. "நீ சும்மா இரு" என்று முதலாளி அவனை அடக்கினார். கூலி வேண்டாம் என்றார், கல்லாவிலிருந்து 2,000 எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் மகள் கொதித்துப் போனாள். கடையைச் சும்மா விடக் கூடாது என்றாள். "விடும்மா, சின்னப் பையன், பாவம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுப்பா" என்றாள். திருடிய பணத்தைவிட அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டதுதான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது. அடுத்த மாதமே வேறொரு வாட்ச் வாங்கி வந்தாள். கை அரிக்கிறது என்று சொல்லிக் கட்டாமலே இருந்தேன்.

மாசி மாதம் அவள் ஸ்கூட்டரை ரேடியல் ரோட்டில் ஒரு கார் உரசிவிட்டது. கிளெய்ம் பாரம் நிரப்பும்போது கேட்டாள்: "அப்பா, பின்னாடி ஏற்கெனவே ஒரு கீறல் இருக்கே, அதையும் சேத்துப் போட்டுடலாமா?" கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். அவன் மார்கழியிலேயே வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனம் பக்கம் ஊருக்குப் போய்விட்டான். அந்த 2,000 ரூபாயை வாரம் 500 என்று அவன் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். முதலாளிக்கு ஆச்சரியமே இல்லை. "அன்னைக்கே தெரியும் சார். கடை வாசல்ல நின்னு கத்தறீங்க, கஸ்டமர் எல்லாம் பாக்கறாங்க. வயசானவர் நீங்க, அவன் வேலைக்காரப் பையன். உங்க பேச்சுதானே எடுபடும்?" பணத்தை நீட்டினேன். "அவன் காசு சார், எனக்கெதுக்கு" என்று மறுத்துவிட்டார். அவர் கொடுத்த நம்பரில் மணி போகவே இல்லை. இப்போதும் போவதில்லை.

வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய செல்போனைக் குவித்து வைத்து விற்கும் பையன்கள் இருக்கிறார்கள். அவன் திரும்பி வந்து அவர்களோடு இருப்பானோ என்று தார்ப்பாய் தார்ப்பாயாக முகத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேன். பணம் ஒரு கவரில் பையிலேயே இருக்கிறது. அவனைப் பார்த்தால் அதை முதலில் நீட்டப் போவதில்லை. அன்றைக்கு அவன் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பட்டது தம்பி. மூணு நாள் பட்டது. தெரிஞ்சுதான் உங்கிட்ட இல்லைன்னு சொன்னேன்.